தண்ணி விடுற நாளும் முதுகு வலியும்: 6 வருஷமா வலியோட இருந்த ஒரு டெய்லர் அக்காவோட கேஸ்

கட்டைப்பை நெறய ரிப்போர்ட்டோட தான் அந்த அக்கா உள்ள வந்தாங்க. ரெண்டு எம்ஆர்ஐ, நாலஞ்சு எக்ஸ்ரே, ரத்த டெஸ்ட், மருந்துச் சீட்டு எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு வெச்சிருந்தாங்க. உக்காரச் சொன்னேன், "நின்னுக்கறேனுங்க மேடம், உக்காந்தா எந்திரிக்க முடியாது"ன்னாங்க.

நான் திருப்பூர்ல பிசியோவா இருக்கேன், 11 வருஷம் ஆச்சு. இங்க முதுகு வலின்னா தினமும் பாக்கறது தான், ஆனா இந்த கேஸ்ல ஆரம்பத்துல நான் செஞ்ச தப்பு, அப்புறம் கண்டுபிடிச்ச விஷயம் ரெண்டுமே மத்த பிசியோக்களுக்கும், இதே மாதிரி வருஷக்கணக்கா வலியோட இருக்கறவங்களுக்கும் உபயோகப்படும்னு தோணுச்சு, அதான் முழுசா எழுதறேன். அவங்க கிட்ட கேட்டுட்டு தான் எழுதறேன், ஆள் அடையாளம் தெரியாம இருக்க சில விவரத்தை மாத்தியிருக்கேன்.

வயசு 46. இருபது வருஷமா பனியன் கம்பெனியில ஓவர்லாக் டெய்லர். 6 வருஷம் முன்னாடி துணி பண்டல் ஒண்ணைத் தூக்கும்போது இடுப்புல பிடிச்சுக்கிச்சு. ரெண்டு வாரம் ரெஸ்ட்ல முக்கால்வாசி சரியாச்சு, ஆனா அது ஆர்டர் சீசன், ஒன்றரை ஷிப்ட் ஓடுது, பீஸ் ரேட் வேற, வீட்ல உக்காந்தா காசு கிடையாது, உடனே மெஷின்ல உக்காந்துட்டாங்க. மறுபடி வலி. எம்ஆர்ஐ எடுத்தாங்க, கீழ் முதுகுல எல்4-எல்5, எல்5-எஸ்1ங்கற ரெண்டு இடத்துலயும் டிஸ்க் பல்ஜ், அதாவது எலும்புக்கு நடுவுல இருக்கற ஜவ்வு பிதுங்கியிருக்குன்னு வந்துச்சு. அப்ப ஒரு இடத்துல அவங்க கிட்ட சொல்லப்பட்ட வார்த்தையை 6 வருஷம் கழிச்சும் அப்படியே ஒப்பிச்சாங்க: "ஜவ்வு விலகி நரம்ப அழுத்துது, இப்படியே விட்டா கால் வராம போயிடும்."

அந்த ஒரு வரியில இருந்து அவங்க வாழ்க்கை சுருங்க ஆரம்பிச்சிருக்கு. குனியக்கூடாது, கீழ உக்காரக்கூடாது, 2 கிலோவுக்கு மேல தூக்கக்கூடாது, பெல்ட் இல்லாம எந்திரிக்கக்கூடாது. பெல்ட்டை 4 வருஷமா கட்டிட்டிருந்தாங்க, தூங்கும்போது கூட. 20 சிட்டிங் கரண்ட் வெச்சாங்க, டிராக்‌ஷன் போட்டாங்க, முதுகுல ஊசி ரெண்டு தடவ போட்டாங்க, எண்ணெய்க் கட்டு கட்டினாங்க. ஒவ்வொண்ணுலயும் பத்து நாள் நல்லாருக்கும், அப்புறம் பழையபடி. மூணாவது வருஷத்துல வலி கழுத்துக்கு ஏறுச்சு, அப்புறம் ரெண்டு தோள்பட்டை, கை விரல், முட்டி. தூக்கம் 3 மணி நேரம், அதுவும் விட்டு விட்டு. மிக்ஸி சத்தம் கேட்டாலே தலை வலிக்குது, படிச்சது மறந்து போகுது. வேலையை விட்டு ஒன்றரை வருஷம் ஆச்சு. மகன் காலேஜ், வாரா வாரம் குழுக்கடன் தவணை, வீட்டுக்காரர் டையிங் யூனிட்ல நைட் ஷிப்ட்.

பரிசோதனையில முதல்ல பாத்தது பயப்பட வேண்டிய அறிகுறி ஏதாவது இருக்கான்னு தான். எடை குறையல, காய்ச்சல் இல்ல, ராத்திரி வேர்வை இல்ல, கேன்சர் இருந்ததில்ல, யூரின் மோஷன் கன்ட்ரோல்ல இருக்கு, உக்கார்ற இடத்துல மரத்துப் போறது இல்ல. நம்ம ஊர்ல முதுகெலும்பு டிபி இன்னும் இருக்கறதால இந்தக் கேள்விகளை நான் யாருக்குமே விடறதில்ல, எத்தனை வருஷ வலியா இருந்தாலும் சரி. ரிஃப்ளெக்ஸ், காலோட பலம், தொடு உணர்வு எல்லாம் நார்மல். படுக்க வெச்சு காலை நேரா தூக்கினப்ப ரெண்டு பக்கமும் 70 டிகிரி வரைக்கும் வந்துச்சு, இடுப்புல இறுக்கம், ஆனா கால்ல மின்னல் மாதிரி இறங்கல. நரம்பு அழுந்தி இருக்கறதுக்கு உண்டான அடையாளம் இல்ல. ஆனா தோள்ல விரலை லேசா வெச்சாலே முகம் சுளிக்கறாங்க. முழங்கையில பஞ்சை இழுத்தா எரியுதுங்கறாங்க. மழுங்கின ஊசி முனையால ஒரே இடத்துல பத்து தடவ தொட்டா முதல் தொடலுக்கு வலி பத்துக்கு 2, பத்தாவது தொடலுக்கு 7னு மார்க் சொன்னாங்க.

இது தசை, ஜவ்வு மட்டும் சார்ந்த வலி இல்ல, வலியைக் கடத்தற நரம்பு மண்டலமே தூக்கலா வேலை செய்யற வலி. உலக வலி ஆய்வு சங்கம் இதுக்கு நோசிபிளாஸ்டிக் வலின்னு 2017-ல பேர் வெச்சுச்சு. 1983-லயே க்ளிஃபோர்ட் வுல்ஃப்ங்கற வலி ஆராய்ச்சியாளர், அடி பட்டதுக்கப்புறம் தண்டுவட செல்கள் எப்படி அதிகமா துடிக்க ஆரம்பிக்குதுன்னு எலிகள்ல காட்டிட்டார். மூணு மாசத்துக்கு மேல நீடிக்கற வலியை அதுவே ஒரு நோய் நிலைமைன்னு உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியலான ஐசிடி-11 ஏத்துக்கிட்டிருக்கு. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் முதல் மூணு சிட்டிங்கை நான் வீணாக்கினேன்.

என்ன பண்ணேன்னா எம்ஆர்ஐயை எடுத்து வெச்சு "இதுல பெருசா ஒண்ணும் இல்லக்கா, உங்க வயசுல நெறய பேருக்கு இப்படித்தான் இருக்கும்"னேன். சொன்னது உண்மை தான். 2015-ல வந்த ஒரு ஆய்வுத் தொகுப்புல வலியே இல்லாத 3,110 பேரோட ஸ்கேன் விவரத்தை 33 ஆய்வுகள்ல இருந்து சேத்துப் பாத்தாங்க, 40 வயசுக்காரங்கள்ல 68 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், பாதிப் பேருக்கு பல்ஜ், 20 வயசுலயே 37 சதவீதம் பேருக்கு தேய்மானம். ஆனா 6 வருஷம் அழுதுட்டு வந்தவங்க கிட்ட "ஒண்ணும் இல்ல"ன்னு ஆரம்பிச்சா அவங்க காதுல என்ன விழும்? "அப்ப நான் நடிக்கறேன்னு சொல்றீங்களா மேடம்?" அப்படின்னாங்க. கோவமா கூட இல்ல, சோர்ந்து போய் கேட்டாங்க. நான் அதை சமாளிச்சுட்டு, வயித்துத் தசைக்கும் முதுகுத் தசைக்கும் அஞ்சு பயிற்சி, ஒவ்வொண்ணும் பத்து தடவ, மூணு ரவுண்டுன்னு அச்சடிச்ச பேப்பரைக் குடுத்து அனுப்பிட்டேன். அவங்க சொன்னபடி எல்லாத்தையும் செஞ்சாங்க. நாலாவது நாள் படுத்தவங்க ஒன்பது நாள் வரல.

நான் தான் ஃபோன் பண்ணேன். திரும்ப வந்தப்ப கட்டில்ல படுக்க வெக்கல, தொடல, 50 நிமிஷம் பேச விட்டேன். "உங்களுக்கு உள்ள என்ன ஆகியிருக்குன்னு நீங்க நெனைக்கறீங்கக்கா?" இந்தக் கேள்வியை 6 வருஷத்துல யாரும் கேக்கலையாம். முதுகுல ஜவ்வு பிதுங்கி நூல்ல தொங்கிட்டிருக்கற மாதிரி நெனச்சிட்டிருக்காங்க, வேகமா குனிஞ்சா அந்த நூல் அறுந்துடும். அதுக்குக் கீழ இன்னொண்ணு இருந்துச்சு. அவங்கம்மா பக்கவாதம் வந்து ரெண்டு வருஷம் படுக்கையில கெடந்து தான் இறந்தாங்க, பாத்துக்கிட்டது இவங்க. "எங்கம்மா மாதிரி கெடந்துட்டா என்னைப் பாக்க யாருங்க இருக்கா?" இப்ப அந்த "கால் வராம போயிடும்"ங்கற வார்த்தை அவங்களுக்கு என்னவா பட்டிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. வலிக்கு பயந்து அசைவை விடறதும், விட்டதால வலியும் இயலாமையும் கூடறதும் ஒரு சுழல்னு வ்லேயன், லிண்டன்ங்கற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2000-ல எழுதினாங்க, அந்தச் சுழலோட வாசல் இவங்களுக்கு எம்ஆர்ஐ இல்ல, அம்மாவோட கட்டில்.

அன்னிக்கு தான் ஸ்கோர் எல்லாம் ஒழுங்கா எடுத்தேன். வலி சராசரி 10க்கு 8. அசைவு பயத்துக்கான டாம்பா அளவுகோல்ல 68க்கு 51, 37க்கு மேல இருந்தாலே அதிகம்பாங்க. மனச்சோர்வு கேள்வித்தாள் பிஹெச்க்யூ-9ல 27க்கு 14. அதுல கடைசிக் கேள்வி தற்கொலை எண்ணம் பத்தினது, அதை பேப்பர்ல டிக் பண்ணச் சொல்லாம நேரா கேட்டேன், "இல்லைங்க, பையன் இருக்கான்"னாங்க. அப்புறம் முடியணும்னு ஆசைப்படற மூணு வேலைய அவங்களையே சொல்லச் சொன்னேன்: வாசல்ல குனிஞ்சு கோலம் போடறது, தண்ணிக் குடம் தூக்கறது, மெஷின்ல ரெண்டு மணி நேரம் உக்கார்றது. பத்துக்கு 1, 1, 0ன்னு மார்க் போட்டாங்க.

ரெண்டு வாரம் டைரி எழுதச் சொன்னேன். பையன் பழைய நோட்டுல கோடு போட்டுக் குடுத்திருக்கான், எந்த மணிக்கு என்ன வேலை, வலி எத்தனை, தூக்கம் எத்தனை. அதைப் பாத்தப்ப தான் கேஸ் திறந்துச்சு. வலி எல்லா நாளும் ஒரே மாதிரி இல்ல. நாலு நாளைக்கொரு தடவ 9, 10னு ஏறி ரெண்டு நாள் படுக்கை, அப்புறம் மெதுவா 6, மறுபடி ஏத்தம். "இந்த நாள்ல எல்லாம் என்னக்கா?"ன்னேன். "தண்ணி விடுற நாளுங்க."

அவங்க ஏரியாவுல நாலஞ்சு நாளைக்கொரு தடவ தான் தண்ணி வரும், வர்ற நேரம் பெரும்பாலும் ராத்திரி ரெண்டு மணி. வீட்டுக்காரர் நைட் ஷிப்ட். முதல் நாள் ராத்திரியில இருந்தே தூக்கமில்ல, தண்ணி எப்ப வரும்னு காது வாசல்லயே இருக்கும். வந்ததும் பெல்ட்டை இறுக்கிக் கட்டிட்டு, மூச்சைப் பிடிச்சுட்டு 28 குடம், இடையில நிக்காம, நின்னா பக்கத்து வீட்டோட தகராறு. நாலு நாள் 2 கிலோ கூட தூக்காம கெடந்த உடம்பு ஒரே ராத்திரியில 28 தடவ 15 கிலோ தூக்குது. யாருக்குமே வலிக்கும்! அடுத்த ரெண்டு நாள் படுக்கை, அதுல உடம்பு இன்னும் தளர்ந்துடுது, அடுத்த தண்ணி நாளுக்கு இன்னும் கம்மி பலத்தோட போறாங்க. அவங்க இதை "குடம் தூக்கினா ஜவ்வு விலகுது"ன்னு புரிஞ்சிட்டிருந்தாங்க. நான் அதுல பாத்தது வேற: தூக்கமில்லாத ராத்திரி, பதட்டம், பழக்கமில்லாத பாரம் மூணும் ஒரே நேரத்துல.

விளக்கம் சொல்றதுக்கு மூளைப் படமெல்லாம் காட்டல. "உங்க வீட்ல டிரிப்பர் இருக்கா? சில வீட்ல மிக்ஸி போட்டாலே டிரிப் ஆகிடும்ல, ஒயர் எரிஞ்சு போச்சுன்னா அப்படி ஆகுது?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "ஒயரு நல்லாத்தான் இருக்கு, டிரிப்பர் தான் சும்மா சும்மா விழுதுங்கறீங்க." ஆமாக்கா, வலி நிஜம், வீடு இருட்டாகறது நிஜம், ஆனா ஒயர் எரியல. 6 வருஷம் முன்னாடி அந்த பண்டல் தூக்கினப்ப டிரிப்பர் விழுந்தது சரி தான், அதுக்கப்புறம் அது சரியா செட் ஆகல, தூக்கமில்லாதப்ப, கடன் தவணை அன்னிக்கு, பயந்தப்ப இன்னும் சீக்கிரமா விழுது. இந்தப் பேச்சை அவங்க வீட்டுக்காரர் கிட்டயும் பையன் கிட்டயும் அவங்களே போய் சொல்லியிருக்காங்க.

ஆனா பேச்சு மட்டும் போதாது, உடம்பு நம்பணும். கட்டில்ல மல்லாக்கப் படுக்க வெச்சு ரெண்டு முட்டியையும் கையால கட்டி நெஞ்சுக்குக் கொண்டு வரச் சொன்னேன். வந்துச்சு, வலி 3. "இப்ப உங்க முதுகு எப்படி இருக்குக்கா?" "வளைஞ்சிருக்குங்க." "குனிஞ்சாலும் இதே வளைவு தான்." அமைதியா இருந்தாங்க. அப்புறம் சேர்ல உக்காந்து மூச்சை விட்டுக்கிட்டே கையை செருப்பு வரைக்கும் விடறது. அப்புறம் நின்னுக்கிட்டு. அவங்க குனியறதை கவனிச்சா வயித்தை கல்லு மாதிரி இறுக்கி, மூச்சை நிறுத்தி, ஒரு கையைத் தொடையில ஊனி, பாதி தூரத்துல நிக்கறாங்க. அந்த இறுக்கத்தை விட்டு, தொளதொளன்னு குனிங்க, வாயால மூச்சு விடுங்கன்னதும் விரல் முட்டியைத் தாண்டிப் போச்சு, வலியும் கம்மி. வருஷக்கணக்கா "வயித்தை இறுக்கு"ன்னு தான் சொல்லிக் குடுத்திருக்காங்க, நானும் அந்த அச்சடிச்ச பேப்பர்ல அதையே தான் குடுத்திருந்தேன்.

இந்த முறைக்கு காக்னிட்டிவ் ஃபங்க்‌ஷனல் தெரபின்னு பேரு, ஆஸ்திரேலிய பிசியோ பீட்டர் ஓ'சல்லிவனும் அவர் கூட இருக்கறவங்களும் வளர்த்தது. ஆஸ்திரேலியாவுல 492 பேரை வெச்சு இந்த முறையைப் பரிசோதிச்ச ரெஸ்டோர் சோதனை 2023-ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்துச்சு, 12 வாரத்துல அதிகபட்சம் 7 சிட்டிங், அப்புறம் ஒரு பூஸ்டர், ஒரு வருஷம் கழிச்சும் பலன் நின்னுச்சு. ஏழு சிட்டிங்! நம்ம ஊர்ல பத்து சிட்டிங் கரண்ட், இன்னொரு பத்து சிட்டிங் கரண்ட்னு போய்ட்டே இருக்கோம். பிரிட்டன்ல நைஸ் அமைப்பு 2021-ல வெளியிட்ட வழிகாட்டுதல், வேற நோயால விளக்க முடியாத நாள்பட்ட வலிக்கு டென்ஸ், ஐஎஃப்டிங்கற கரண்ட் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட் மூணையும் குடுக்காதீங்கன்னு நேராவே சொல்லுது. அந்த அக்கா "கரண்ட் வைக்க மாட்டீங்களா"ன்னு கேக்கத்தான் செஞ்சாங்க. முதல் நாலு தடவ கடைசியில பத்து நிமிஷம் ஹாட் பேக் வெச்சேன், அது அவங்களுக்கு இதமா இருந்துச்சு, அஞ்சாவது தடவ அவங்களே வேணாம்னுட்டாங்க.

நடைக்கு ஒரு கணக்கு வெச்சோம். மூணு நாள் எவ்வளவு நேரம் நடக்க முடியுதுன்னு பாத்து சராசரி 8 நிமிஷம், அதுல 80 சதவீதம், அதாவது 6 நிமிஷத்துல ஆரம்பம். மூணு நாளைக்கு ஒரு நிமிஷம் கூட்டறது. இதுல முக்கியம் என்னன்னா நல்லாருக்கற நாள்லயும் கணக்குக்கு மேல நடக்கக்கூடாது, வலிக்கற நாள்லயும் கணக்கை முடிக்கணும். வலி சொல்றபடி நிறுத்தாம குறிச்ச அளவுல நிறுத்தறதை வில்பர்ட் ஃபோர்டைஸ்ங்கற உளவியலாளர் 1970கள்லயே பண்ணிக் காட்டிட்டார். நல்லாருக்கற நாள்ல நிறுத்தச் சொன்னது தான் அவங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு, தேங்கி நிக்கற வேலையெல்லாம் அன்னிக்கே முடிச்சுடணும்னு கை பரபரக்கும்.

தண்ணி நாளுக்கு தனித் திட்டம். குடம் தூக்கவே வேணாம்னு நான் சொல்லல, சொல்லியிருந்தா இன்னொரு "கூடாது" தான் சேர்ந்திருக்கும். பையன் பாதி, இவங்க பாதி. அரைக் குடமா ஆறு, ஒரு நிமிஷம் நின்னு மூச்சு, மறுபடி ஆறு. அதோட தண்ணி வராத நாள்லயும் தினமும் குடம் தூக்கணும், அது தான் மருந்து. க்ளினிக்லயே பிளாஸ்டிக் குடம் ஒண்ணு வாங்கி வெச்சேன், 4 லிட்டர் ஊத்தி எட்டு தடவ, ரெண்டு ரவுண்டு. வாரா வாரம் ஒரு லிட்டர். ஜிம்ல தூக்கற கெட்டில்பெல் எடையை விட குடம் தான் சரி, அவங்க பயந்தது குடத்துக்கு தானே. கோலம்: முதல் வாரம் ஸ்டூல்ல உக்காந்து தரையில மூணு புள்ளி, அப்புறம் நின்னு குனிஞ்சு அஞ்சு புள்ளி. பெல்ட்டை ஒரேயடியா பிடுங்கல. முதல்ல தூங்கும்போது இல்ல, அப்புறம் நடக்கும்போது இல்ல, கடைசியா தண்ணி நாள்ல இல்ல. 9 வாரம் ஆச்சு.

மாத்திரை விஷயத்துல நான் கை வைக்கல, வைக்கவும் கூடாது. ஆனா மெடிக்கல்ல தானா வாங்கி தினமும் ரெண்டு வலி மாத்திரை போட்டுட்டிருந்தாங்க, நரம்பு வலிக்கு ஏற்கனவே போட்டுட்டிருந்த பிரிகாபலின் மாத்திரையால தலை சுத்தல். டாக்டருக்கு விவரமா லெட்டர் எழுதினேன். அவர் கிட்னி டெஸ்ட் பாத்தார், நல்லவேளை நார்மல், பிரிகாபலினை படிப்படியா குறைச்சு ராத்திரிக்கு சின்ன டோஸ் அமிட்ரிப்டிலின் போட்டார். மனநல டாக்டரைப் பாக்க முதல்ல ஒத்துக்கல, "பைத்தியம்னு ஊர்ல பேசுவாங்க." ரெண்டாவது மாசம் நானே கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு கூட போனேன், மாவட்ட மனநலத் திட்டத்துல ஆலோசகர் கிட்ட நாலு தடவ பேசினாங்க, தூக்கமும் கடன் கவலையும் தான் பெரும்பாலும். மருந்தும் ஆலோசனையும் பயிற்சியும் ஒரே காலத்துல நடந்ததால எது எவ்வளவு வேலை செஞ்சுதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது, அதை ஒத்துக்கறேன். டைரியில வலிக்கு முன்னாடி குறைஞ்சது பயம், அடுத்து கூடினது தூக்கம், வலி எண்ணிக்கை கடைசியா தான் இறங்குச்சு, அந்த வரிசை மட்டும் தெளிவா தெரியுது.

நாலாவது மாசம் ஒரு சறுக்கல். மகளுக்கு பிரசவம், ஆஸ்பத்திரி வராண்டாவுல மூணு ராத்திரி தூக்கமில்ல, தவணை ரெண்டு வாரம் நின்னு போய் குழுவுல இருந்து வீட்டுக்கே ஆள் வந்துட்டாங்க. வலி 9. பெல்ட்டை எடுத்துக் கட்டிட்டாங்க. எனக்கு ஃபோன் வந்தப்ப பழைய இடத்துக்கே போயிட்டோமோன்னு மனசு பதறுச்சு. ஆனா வலி ஏறினா என்ன செய்யணும்னு முன்னாடியே நாள் காலண்டர் தாளுக்குப் பின்னாடி அவங்க கையாலயே எழுதி பீரோ கதவுல ஒட்டியிருந்தோம்: நடையை பாதியாக்கு, நிறுத்தாதே, முட்டியைக் கட்டிப் படு, வெந்நீர் ஒத்தடம், மூணு நாள்ல பழைய கணக்குக்கு வா, கால்ல பலம் குறைஞ்சாலோ யூரின் நின்னாலோ உடனே ஆஸ்பத்திரி. அஞ்சாவது நாள் அவங்களே பெல்ட்டைக் கழட்டிட்டாங்க. "ஒயரு எரியலைங்க கண்ணு, எனக்கே தெரிஞ்சுச்சு"ன்னாங்க. மேடம்னு கூப்பிட்டுட்டிருந்தவங்க அன்னிக்கு தான் முதல் தடவயா கண்ணுன்னாங்க.

மொத்தம் 7 மாசம், அந்த வீணான மூணையும் சேத்து 15 சிட்டிங். முடிவுல வலி சராசரி 8ல இருந்து 4, டாம்பா 51ல இருந்து 33, பிஹெச்க்யூ-9 14ல இருந்து 6, தூக்கம் அஞ்சரை மணி நேரம். முடியாதுன்னு சொன்ன மூணு வேலைக்கு இப்ப 8, 7, 5. 30 விநாடியில சேர்ல இருந்து எந்திரிக்கறது 6 தடவையா இருந்தது 13 ஆச்சு. வலி போயிடல, காலையில விரல் விறைப்பு இருக்கு, இடது தோள் இன்னும் தொந்தரவு குடுக்குது, விரலுக்காக வாத நோய் டெஸ்ட் எடுக்கச் சொல்லி டாக்டர் கிட்ட அனுப்பினேன், நெகட்டிவ்.

வேலைக்கு முதல்ல துணி சரிபார்க்கற செக்கிங்ல அரை நாள் போனாங்க, நின்னுக்கிட்டும் உக்காந்துக்கிட்டும் மாத்தி மாத்தி செய்யலாம்னு நாங்க ரெண்டு பேரும் பேசி எடுத்த முடிவு அது. ஆறாவது வாரத்துல இருந்து முழு ஷிப்ட். ஓவர்லாக் மெஷினுக்கு திரும்பணும்னு தான் ஆசை, அதுல தான் காசு. இப்ப மதியத்துக்கு மேல ஒரு மணி நேரம் மட்டும் மெஷின்ல உக்கார்றாங்க, முப்பது நிமிஷத்துக்கு ஒரு தடவ எந்திரிச்சு ரெண்டு குனிவு. கட்டைப்பை இப்பவும் வீட்ல பீரோ மேல தான் இருக்கு, கடைசி ரெண்டு ரிவ்யூவுக்கும் வெறுங்கையோட வந்தாங்க. தீபாவளி ஆர்டர் ஆரம்பிச்சா ஒன்றரை ஷிப்ட் கேப்பாங்க, அதுக்கு முன்னாடி ஒரு தடவ வாங்கன்னு தேதி குடுத்திருக்கேன்.